மூங்கிலுக்குக் கீழே இரண்டு கோடு

"நீங்கள் செர்பியாவிலிருந்தா வந்திருக்கிறீர்கள்?"

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குச் சீனாவிலிருந்து வந்த ஒரு பொறியாளர் என்னிடம் இப்படித்தான் கேட்டார். அவர் கையில் இருந்த பட்டியலில் எங்கள் எல்லோருடைய பெயரும் சீன எழுத்தில் இருந்தது. என் பெயர் செல்வி. அதை யாரோ ஒலிக்கு ஒலி மாற்றி 'சாய் அர் வெய்' என்று அடித்திருந்தார்கள். செர்பியாவுக்குச் சீன மொழியில் 'சாய் அர் வெய் யா'. ஒரே ஒரு அசைதான் வித்தியாசம், அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அப்போது நான் ஹுவா யூ (மாண்டரினை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்) படிக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. வாரம் இரண்டு மாலை வகுப்பு. தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான், சீன எழுத்தை முப்பது வயதுக்கு மேல்தான் கையால் தொட்டேன். அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், எனக்கு ஒழுங்கான ஒரு சீனப் பெயர் வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தது நான்கு மாதம் இழுத்தது. நம்மவர்கள் பலர் இப்போது ஹுவா யூ படிக்கிறார்கள், வேலைக்காகவோ படிப்புக்காகவோ சீனாவுக்கும் போகிறார்கள், அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஒலிபெயர்ப்பு வேறு, பெயர் வேறு. சீனப் பத்திரிகையில் நம் நாட்டுத் தலைவர்களின் பெயர் எல்லாம் ஒலிபெயர்ப்புதான். மகாதீரை மலேசியச் சீனப் பத்திரிகைகள் மூன்று அசையில் 'மா ஹா டி' என்று எழுதுகின்றன, சீனாவின் செய்திகளில் அதே மனிதர் நான்கு அசையில் 'மா ஹா டி அர்'. சாமிவேலுவின் 'சாமி' இங்கே 'சன் மெய்' ஆனது. அந்த இரண்டு எழுத்துக்கும் பொருள் 'மூன்று', 'அழகு'. அதில் பொருளைத் தேடக் கூடாது, எழுத்துகள் அங்கே ஒலிக்காக மட்டும் நிற்கின்றன, பார்த்த உடனே இது வேற்று மொழிப் பெயர் என்று எந்தச் சீனருக்கும் தெரிந்துவிடும். செய்தியில் வரும் அமைச்சருக்கு அது போதும். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிட அது போதாது. என் அக்கா மகன் சீனப்பள்ளியில் படிக்கிறான். முதல் நாளே ஆசிரியை அவன் நோட்டில் அவன் பெயரை ஐந்து எழுத்தில் எழுதிக் கொடுத்தார், பிள்ளை அதை எழுதக் கற்றுக்கொண்டான், ஆனால் வகுப்பில் ஒருவரும் அந்த ஐந்தையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சீனப் பெயர் என்றால் குடும்பப் பெயர் முன்னால், அதன் பின் ஒன்றோ இரண்டோ எழுத்து. அவ்வளவுதான். ஆனால் மாண்டரினில் தொனியை (அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம், அது மாறினால் பொருளும் மாறும்) விட்டுவிட்டு எண்ணினால் சுமார் 400 அசைகள்தான் இருக்கின்றன, தொனியோடு சேர்த்தாலும் 1,300 வாக்கில்தான் வரும். அதனால் ஒவ்வொரு ஒலிக்குப் பின்னாலும் பல எழுத்துகள் வரிசையில் நிற்கின்றன. தமிழில் 'மலர்விழி' என்று காதில் விழுந்ததும் மலரும் விழியும் தெரிந்துவிடுகிறது. சீனரோ பெயரைக் கேட்டதும் "எந்த எழுத்து?" என்று அடுத்த கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். 'சென்' என்ற குடும்பப் பெயர்க்காரர் "காது, கிழக்கு, சென்" என்பார், ஏனென்றால் அந்த எழுத்தின் இடப்பக்கம் காது, வலப்பக்கம் கிழக்கு. 'லின்' என்பவர் "இரட்டை மரம் லின்" என்பார். பெயரைச் சொல்லும்போதே அதைக் காற்றில் வரைந்தும் காட்டிவிடுகிறார்கள்.

சரி, நான் என்ன செய்தேன் என்றால், முதலில் நானாகவே அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செல்வி என்பதை அப்படியே மொழிபெயர்த்தால் 'சியாவ் ஜியே', அதாவது திருமதிக்கு எதிர்ப்பதமான செல்வி. மலேசியாவில் அது மரியாதையான சொல்தான், ஆனால் சீனாவின் பல இடங்களில் அந்தச் சொல்லுக்கு இன்று கெட்ட பொருளும் ஏறிவிட்டது. செல்வம் என்று எடுத்துக்கொண்டால் வரும் எழுத்து பழைய காலத்துத் தௌக்கே (சீன முதலாளி) பெயர் போல இருக்கிறது. அகராதியில் நல்ல பொருள் இருந்தால் மட்டும் அது பெயர் ஆகிவிடாது, 'ஐசுவரியம்' என்று ஒரு வெள்ளைக்காரர் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டு வந்தால் நமக்கு எப்படி இருக்கும், அதேதான்.

அப்புறம் ஒலியைப் பிடித்தேன். 'செ'வுக்குப் பக்கத்தில் 'ஷியே' என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. 'ஷியே ஷியே' என்றால் நன்றி, அதே எழுத்துதான். 'வி'க்கு 'வெய்', ரோஜா வகைப் பூவின் பெயரில் வரும் எழுத்து. ஷியே வெய். நன்றியும் பூவும்! மூன்று நாள் அந்தப் பெயரை நோட்டில் எழுதி எழுதிப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போய் லாவ்ஷியிடம் காட்டினேன். (ஆசிரியரை லாவ்ஷி என்றுதான் கூப்பிடுவோம்.) அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், "செல்வி, ஷியே என்றால் நன்றி மட்டும் இல்லை. பூ வாடி உதிர்வதற்கும் அதே எழுத்துதான். பின்னால் பூவை வைத்தால் படிப்பவர் மனசில் முதலில் அதுதான் வரும்."

வாடிய பூ. எந்த அகராதியும் எனக்கு இதைச் சொல்லவில்லை, ஏனென்றால் தனித்தனியாக இரண்டுமே நல்ல எழுத்துகள், இரண்டையும் ஒட்டி வைக்கும்போதுதான் அது வருகிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே சொல்கிறேன், தனியாக உட்கார்ந்து சீனப் பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மொழியில் படித்து வளர்ந்த ஒருவரைக் கேளுங்கள். வெறுமனே பேசத் தெரிந்தவர் போதாது, நிறையப் படிக்கிறவராக இருக்க வேண்டும்.

ஷியே இன்னொரு காரணத்துக்காகவும் ஒத்துவரவில்லை. பினாங்கில் குடும்பப் பெயர் என்பது சும்மா ஓர் ஒலி இல்லை. மாண்டரினில் ஷியே என்றால் பினாங்குச் சீனர்கள் பலர் பேசும் ஹொக்கியனில் சியா, ஆர்மீனியன் தெருவில் சியா கொங்சி (அந்தக் குடும்பப் பெயர்க்காரர்களின் சங்கம்) கட்டடமே நிற்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் கூ கொங்சி. வெல்ட் கீயில் சியூ ஜெட்டி, அங்கே மரக்கால்களின் மேல் வீடு கட்டி ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஒரே எழுத்தை ஹொக்கியன்காரர் தான் என்பார், கந்தோனீஸ்காரர் சான் என்பார், மாண்டரினில் சென். அடையாள அட்டையில் இருக்கும் எழுத்துக்கூட்டைப் பார்த்தே தாத்தா எந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறினார் என்று சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட ஊரில் நான் சியா என்று சொல்லிக்கொண்டால், எந்த ஊர் சியா, கணவர் சீனரா என்று கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. எனக்கு உரிமை இல்லாத ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பது போல இருந்தது.

நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. என் அட்டையில் என் பெயர், அ/பெ (இன்னாரின் மகள் என்று பொருள்), அப்பா பெயர். அவ்வளவுதான். எந்தப் படிவத்திலும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்தால் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, அதற்கப்புறம் வரும் கடிதங்களில் எல்லாம் நான் அப்பாவாகவே அழைக்கப்படுவேன். இல்லாத ஒன்றை எங்கிருந்து எடுப்பது?

லாவ்ஷிதான் வழி காட்டினார். ஒரு தாளில் ஓர் எழுத்தை எழுதினார். மேலே மூங்கில், அதற்குக் கீழே குறுக்காக இரண்டு கோடு. 'ஜூ'. இது குடும்பப் பெயர், அரிதானது, ஆனால் உண்மையான குடும்பப் பெயர். சீனர்கள் பழைய காலத்தில் இந்தியாவைத் தியன்ஜூ என்று சொன்னார்கள், அந்த ஜூ இதுதான். அங்கிருந்து வந்த புத்த பிக்குகளின் பெயருக்கு முன்னால் இந்த எழுத்தைத்தான் வைத்தார்கள். நம் பள்ளிப் புத்தகத்தில் வரும் யுவான் சுவாங், 7ஆம் நூற்றாண்டில் நாலந்தாவுக்கும் போய் காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதினாரே, அவர்தான் தியன்ஜூ என்பது சரியான ஒலி இல்லை, யின்து என்பதே சரி என்று எழுதியவர். இன்றும் மாண்டரினில் இந்தியா யின்துதான். ஆனால் குரங்கரசன் கதை கேட்டு வளர்ந்த எந்தச் சீனருக்கும் தியன்ஜூ என்றால் பிக்கு சூத்திரம் தேடிப் போன மேற்குத் தேசம் என்று தெரியும்.

1924இல் தாகூர் பெய்ஜிங் போயிருந்தபோது அவர் பிறந்தநாளில் லியாங் சிச்சாவ் என்ற பெரிய அறிஞர் அவருக்கு ஒரு சீனப் பெயர் கொடுத்தார். ஜூ ஜென்தான். குடும்பப் பெயர் இதே ஜூ. ஜென் இடி, தான் விடியல். ரவி சூரியன், இந்திரன் இடிக்குத் தலைவன், ஆக அவருடைய சொந்தப் பெயரின் பொருள் உள்ளே இருக்கிறது. அதோடு ஜென்தான் என்பது பழைய இந்தியர்கள் சீனாவை அழைத்த பெயரின் சீன வடிவம். இரண்டு நாடும் ஒரே பெயரில். லாவ்ஷி இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஒரு மனிதரின் பெயரை இவ்வளவு யோசித்து இன்னொரு மொழியில் திரும்பப் பிறக்க வைக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. மருத்துவர் கோட்னிஸும் அப்படித்தான். 1938இல் சீனாவுக்குப் போன ஐந்து இந்திய மருத்துவர்களும் தங்கள் சீனப் பெயரின் கடைசியில் ஹுவா என்ற எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள், ஹுவா என்றால் சீனா. கோட்னிஸ் கே திஹுவா ஆனார். 1942இல் அங்கேயே இறந்தார். மகனுக்குப் பெயர் யின்ஹுவா, யின்துவின் யின், சீனாவின் ஹுவா.

அடுத்தது சொந்தப் பெயர். எனக்கு அப்பாயி பெயரை எப்படியாவது உள்ளே கொண்டுவர வேண்டும் என்று ஆசை. நம்மில் அதுதானே முறை, தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுதானே பேரன் என்று ஆனது. லாவ்ஷியிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. சீனர்கள் மூத்தவர்களின் பெயரில் உள்ள எழுத்தைப் பிள்ளைக்கு வைக்க மாட்டார்கள், பெரியவர் பெயரைச் சின்னவரைக் கூப்பிடுவதற்கு எடுத்துக்கொள்வது மரியாதைக் குறைவு, அந்தக் காலத்தில் பேரரசர் பெயரில் உள்ள எழுத்தை மக்கள் எழுதவே கூடாது. நாம் அன்பால் திரும்பத் திரும்ப வைக்கும் பெயரை அவர்கள் மரியாதையால் தொடாமல் விடுகிறார்கள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இதையே பேசிக்கொண்டிருந்தோம், அன்று இலக்கணப் பாடம் நடக்கவில்லை. அப்பாயி பெயரை விட்டுவிட்டேன்.

ஷிவெய் என்று அவர் எழுதினார். ஷி என்றால் கவிதை, இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் கோயில். வெய் நான் ஆசைப்பட்ட அதே எழுத்து, மேலே புல், மொத்தம் 16 கோடு. அந்த எழுத்துக்கு ரோஜா மட்டும் இல்லை, காட்டுப் பயறு போன்ற ஒரு செடி என்பதும் பழைய பொருள். சீனாவின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பில் அந்தச் செடியைப் பறித்துக்கொண்டே போர்வீரர்கள் வீட்டை நினைக்கும் ஒரு பாட்டு இருக்கிறது, ஷியும் வெய்யும் ஒரு பெயரில் சேர்ந்தால் படித்தவர்களுக்கு அது நினைவுக்கு வருமாம். எனக்குச் சங்கப் பாட்டில் பாசறையில் இருக்கும் தலைவன் நினைவுக்கு வந்தான். செல்வியின் ஒலியும் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி நின்றாலும் இருக்கிறது. ஜூ ஷிவெய்.

அப்பாவிடம் சொன்னபோதுதான் நான் எதிர்பார்க்காத கேள்வி வந்தது. அப்பா பெயர் எங்கே என்று கேட்பார் என நினைத்தேன், அவர் அதைக் கேட்கவே இல்லை. "நாம கெடாவுல எஸ்டேட்ல பொறந்தவங்கம்மா. எங்கப்பாவும் இங்கதான் பொறந்தாரு. எதுக்கு இந்தியான்னு பேர் வச்சுக்கிற? இந்த நாட்டுக்காரங்க இல்லன்னு நம்மளே எழுதிக் குடுக்கிற மாதிரி இருக்கே." எனக்கு உடனே பதில் வரவில்லை. நம்மை மொத்தமாகச் சேர்த்துக் கூப்பிட இங்கே ஒரு சொல் இருக்கிறது, கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள், ஒரு தெருவின் பெயரிலும் பள்ளிவாசலின் பெயரிலும் பெருமையாக நிற்கும் அதே சொல் சந்தையில் யாராவது சொன்னால் அப்பாவுக்கு வலிக்கும். அந்த வலியிலிருந்துதான் அவர் கேட்டார். ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அப்பா, கூ கொங்சிக்காரர்களும் இங்கே பிறந்தவர்கள்தான், அவர்களும் முன்னோர்கள் புறப்பட்ட கிராமத்தை இன்னும் சொல்லிக்கொள்கிறார்கள், அதனால் அவர்கள் மலேசியர் இல்லை என்று ஆகிவிடவில்லையே, சீனக் குடும்பப் பெயர்களில் பல ஓர் இடத்தின் பெயரிலிருந்து வந்தவைதான். அப்பா தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன், அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

இன்னொருவரும் அந்த வாரம் எனக்குத் துணையாக இருந்தார். ஆர்மீனியன் தெரு 120ஆம் எண் வீடு, சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் 1910இல் பினாங்கில் இருந்தபோது கட்சி வேலைக்குப் பயன்படுத்திய வீடு. சீனர்கள் அவரைச் சுன் ஜோங்ஷான் என்று சொல்வார்கள். அந்த ஜோங்ஷான் ஜப்பானில் தலைமறைவாக இருந்தபோது அவர் வைத்துக்கொண்ட நகாயாமா என்ற ஜப்பானியக் குடும்பப் பெயர், அதே இரண்டு எழுத்தைச் சீனத்தில் படித்தால் ஜோங்ஷான். ஒரு நாட்டின் தந்தை என்று சொல்லப்படுகிறவரின் பெயரே கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. பெயர் பயணம் செய்வதில் பொய் எதுவும் இல்லை என்று எனக்கு அந்த வீட்டு வாசலில்தான் தைரியம் வந்தது.

வேலை இன்னும் முடியவில்லை. ஜூ இரண்டாம் தொனி, கீழிருந்து மேலே ஏற வேண்டும், நாம் "ஏன்?" என்று கேட்பது போல. மேலேயே சமமாக நிறுத்தினால் அது முதல் தொனி, அந்த ஜூ பன்றி. இதைக் காரில் தினமும் சொல்லிப் பழகினேன், பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. ஹொக்கியனிலும் சோதித்தாக வேண்டும், இது பினாங்கு. கவிதை ஹொக்கியனில் 'சி', தொனி மாறினால் அது சாவு. வேலையிடத்தில் இரண்டு ஹொக்கியன்காரர்களிடம் முழுப் பெயரையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். லாவ்ஷியின் அம்மா கோடுகளை எண்ணிப் பார்த்து, கூட்டுத்தொகை 32, நல்ல எண் என்று சொல்லி அனுப்பினார். நம் வீட்டிலும் எண்கணிதம் பார்த்து எழுத்துக் கூட்டுகிறவர்கள் உண்டு என்பதால் எனக்கு அது பழகிய சந்தோஷமாக இருந்தது.

இதெல்லாம் காகிதத்தில். அடையாள அட்டையில் என் பெயர் செல்விதான், வங்கியிலும் கடப்பிதழிலும் அதுதான், அதை மாற்றும் எண்ணம் இல்லை. சீனர்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வீசாட்டில் மாற்றினேன், வேலைக் கடிதங்களில் கையெழுத்துக்குக் கீழே சேர்த்தேன். ஆனால் அது என் பெயர் என்று நான் உணர்ந்தது ஓர் இழவு வீட்டில்.

உடன் வேலை செய்பவரின் அம்மா இறந்துவிட்டார். இரவு போனோம். வாசலில் ஒரு மேசை, அங்கே ஒரு பெரியவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து வெள்ளை உறையில் வரும் பணத்தைப் பெயரோடு எழுதிக்கொண்டிருந்தார். பெக் கிம் என்று ஹொக்கியனில் சொல்வார்கள், நம் மொய் போல, ஆனால் துக்கத்துக்கு. நான் உறையின் மேல் என் சீனப் பெயரை எழுதியிருந்தேன், முதல் முறையாக ஒரு காரியத்துக்காக. பெரியவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எந்த ஜூ?" என்றார். மூங்கில், கீழே இரண்டு கோடு என்று விரலால் மேசையில் வரைந்தேன். அவர் பேனாவை நிறுத்தி, "ஆ, தியன்ஜூவின் ஜூ" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு எழுதிய அதே அளவில், அதே நிதானத்தில், அந்த மூன்று எழுத்தையும் எழுதினார். நான் யார், எந்த நாடு, ஏன் சீனப் பெயர் என்று ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு லிம், எனக்குப் பின்னால் ஒரு தான். நடுவில் நான்.

உடன் வேலை செய்பவர் இன்றும் என்னைச் செல்வி என்றுதான் கூப்பிடுகிறார், எனக்கும் அதுதான் பிடிக்கிறது. அவருடைய அப்பா மட்டும் ஷிவெய் என்கிறார், நோட்டைப் படித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம்.

போன மாதம் லாவ்ஷி எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். அவருக்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமாம். ஒலிபெயர்ப்பு கூடாது, உன் பாட்டிக்கு வைத்திருக்கக்கூடிய பெயராக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் குடும்பப் பெயர் லின், இரட்டை மரம், தோப்பு என்று பொருள். அதனால் சோலை என்று தொடங்கியிருக்கிறேன், அவர் வாயில் அது நன்றாக உட்காருகிறது. சோலையம்மா சரியாக இருக்குமா என்று அம்மாவைக் கேட்டேன். அவர் வயசென்ன, கல்யாணம் ஆகிவிட்டதா, குலதெய்வம் உண்டா என்று அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிட வரச் சொல்லு, ஆளைப் பார்க்காமல் பெயர் சொல்ல முடியாது என்கிறார்.